முதலில் காது, பிறகு நாவு



இப்போது வாசிக்கக் கேட்ட மாற்கு நற்செய்தி 7ஆம் அதிகாரத்தில், காது கேளாத, திக்கிப் பேசும் ஒருவரை ஆண்டவரிடம் கூட்டி வருகிறார்கள். ஆண்டவர் அவரைக் கூட்டத்திலிருந்து தனியே அழைத்துப் போகிறார். முதலில் காதுகளில் விரலை இடுகிறார். அதன் பிறகுதான் நாவைத் தொடுகிறார். காது கேளாதவருக்குத் தொட்டால்தானே புரியும்! சற்று நேரத்தில் இந்தக் குழந்தைகளுக்குத் திருமுழுக்குக் கொடுக்கும்போது நானும் அதே வரிசையில் காதையும் வாயையும் தொட்டுச் செபிப்பேன்.

நாமோ பிள்ளையின் நாவைத்தான் முதலில் பிடிக்கிறோம். "மாமாவுக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டு" என்கிறோம். அந்தக் காதுக்கு என்ன கொடுத்தோம்? தாயின் குரலைப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போதே கேட்கிறது. பிறந்த சில நாள்களில் மற்றக் குரல்களிலிருந்து பிரித்தறிகிறது. குளிப்பாட்டும்போதும் சோறு ஊட்டும்போதும் முகம் பார்த்துப் பேசுங்கள். அது "ங்கா" என்றால் பதில் சொல்லிவிட்டுக் கொஞ்சம் பொறுங்கள்; அதன் முறை வரட்டும். "மாடு" என்றால், "ஆமா, வெள்ளை மாடு, புல்லு தின்னுது" என்று கூட்டிக் கொடுங்கள். தப்பாகச் சொன்னால் அதட்ட வேண்டாம்; நீங்கள் சரியாகச் சொன்னால் போதும். அப்பாமாரே, இது உங்களுக்கும்தான்.

கான்வென்டில் சேர்க்க வேண்டுமே என்று, வராத இங்கிலீஷில் பிள்ளையிடம் துண்டு துண்டாகப் பேசுகிறவர்களும் நம்மிடையே உண்டு. உங்களுக்குச் சரளமாக வருகிற மொழியில் பேசுங்கள். வீட்டில் இரண்டு மொழி புழங்கினாலும் கெடுதல் இல்லை. செல்போன்தான் வேறு கதை. அது ஓயாமல் பேசும், பிள்ளையின் "ங்கா"வுக்குக் காத்திருக்காது. 2 வயதுக்குள் திரையே வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லிவிட்டது.

ஒரு வயதையொட்டி முதல் சொல் வரும். இரண்டு வயதில் "அம்மா வா", "பால் தா" என்று இரண்டு சொல் சேரும். சேரவில்லையா? தாயைக் குறை சொல்லாதீர்கள். "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினான்" என்று வருடத்தைத் தள்ளாதீர்கள். வசம்பைச் சுட்டு நாவில் தேய்க்காதீர்கள். வேளாங்கண்ணி மாதாவுக்குத் தாராளமாக நேர்ந்துகொள்ளுங்கள். ஆனால் அங்கு போகப் பஸ் ஏறுமுன் பிள்ளையின் காதைச் சோதித்துவிடுங்கள். காது சரியாகக் கேட்காததால் பேச்சு தள்ளிப்போன பிள்ளைகள் பலர் உண்டு. எவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறோமோ அவ்வளவு நல்லது.

மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனையில் காது மூக்குத் தொண்டைப் பிரிவு இருக்கிறது. கூட வரத் துணை இல்லையென்றால், திருப்பலி முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள். பங்கிலிருந்து ஆள் அனுப்புகிறேன்.