மாதாவின் புடவையும் மாதாவின் நிறமும்

டிசம்பர் பிறந்தால் மேற்கு மாம்பலத்துத் தெருக்களில் எது கிறிஸ்தவ வீடு என்பதை வாசலில் தொங்கும் காகித நட்சத்திரம் சொல்லிவிடும். உள்ளே கூடத்துச் சுவரில் திருஇருதய ஆண்டவர் இருப்பார்; இல்லையென்றால் அமெரிக்க ஓவியர் வார்னர் சால்மன் 1940இல் வரைந்த இயேசுவின் வழிவந்த ஏதோ ஒரு படம் இருக்கும். எதுவானாலும் வெளுத்த முகம், பழுப்புத் தலைமுடி. மேற்காசியாவில் பிறந்து வளர்ந்த யூதத் தச்சர் அப்படி இருந்திருக்க வாய்ப்பு மிகக் குறைவு.

தெய்வத்தைத் தன் சாயலில் வரைந்துகொள்வது எல்லா நாட்டு வழக்கமும்தான். எத்தியோப்பியத் தேவாலய ஓவியங்களில் மாதா எத்தியோப்பியப் பெண்ணாகவே இருக்கிறாள். ஐரோப்பியர் தங்களைப்போல வரைந்ததும் குற்றமில்லை. அந்த ஒரு முகமே ஆட்சியோடும் அச்சகத்தோடும் கடல் கடந்து வந்து, மற்ற முகங்களுக்கு இடமில்லாமல் செய்ததுதான் சிக்கல்.

தமிழ்நாட்டில் மாற்று முயற்சி அன்றே தொடங்கியது. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர், தமிழ்ப் பெண்ணின் உடையில் மாதாவின் படம் எழுதுவித்து, மயிலாப்பூர் ஆயர் வழியாக மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அந்தச் சுரூபம் இருக்கும் கோணான்குப்பத்தில் அவளுக்குப் பெயர் பெரியநாயகி. வேளாங்கண்ணி மாதாவுக்கும் புடவைதான் சாத்துகிறார்கள். பெயரும் புடவையும் தமிழாயின. மேனி நிறம் மட்டும் அப்படியே நின்றுவிட்டது. கோவாவில் ஓவியர் ஆஞ்செலோ ட ஃபொன்சேக்கா (1902–1967) மரியாளை இந்தியப் பெண்ணாகவே வரைந்தபோது, சொந்த ஊர்க் கத்தோலிக்கர்களே எதிர்த்தார்கள். அவர் புனேயில் ஓர் ஆசிரமத்தில் தங்கி வரைந்தார்.

அதற்காகச் சுவரில் இருப்பதைக் கழற்றச் சொல்வது கொடுமை. ஐம்பது வருடம் அந்த முகத்தைப் பார்த்து அழுது ஜெபித்த பாட்டிக்கு அது வெள்ளைக்காரர் முகமில்லை, ஆண்டவர் முகம். அந்த உறவில் கைவைக்க யாருக்கும் உரிமையில்லை. புதிதாகச் செய்யும் சுரூபத்துக்கும் பிள்ளைகளின் மறைக்கல்விப் புத்தகத்துக்கும் அந்தச் சலுகை வேண்டியதில்லை.

கடையில் வாங்கும் குடில் பொம்மைகளில் பெரும்பாலும் மூன்று ராஜாக்களில் ஒருவர் மட்டும்தான் கறுப்பு. கிறிஸ்துமஸ் நாடகத்துக்கு ஆள் எடுக்கும்போதும் சிவந்த பெண் மாதாவாகிறாள், சிவந்த சிறுவர்கள் சம்மனசுகளாகிறார்கள், கறுத்த பிள்ளைகளுக்கு ஆட்டிடையர் வேடம். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. படத்தில் பார்த்ததைச் செய்கிறார்கள். இந்த வருடம் கறுத்த பெண்ணொருத்திக்கு நீல முக்காடு போட்டு, பவுடர் பூசாமல் மேடையேற்றலாம்.