பாம்பும் சைக்கிளும்

நமது வாலிபர்களுக்குச் சில வருடங்களாக ஒரு புதிய விருப்பம் பிறந்திருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை சுபுஹுத் தொழுகை முடிந்ததும் தடித்த டயர் போட்ட சைக்கிளை எடுத்துக்கொண்டு காட்டுப் பாதைகளுக்குப் புறப்பட்டுவிடுகிறார்கள். இதற்கு மலைச் சைக்கிள் என்று பெயர். சிங்கப்பூரில் மலை ஏது என்று தென்காசி, கடையநல்லூர்ப் பக்கத்துப் பெரியவர்கள் சிரிக்கக்கூடும். புக்கித் தீமா குன்றின் உயரமே 163 மீட்டர்தான். குற்றால மலையைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு அது ஒரு மேடு. ஆனால் மலை சிறிதானாலும் காடு காடுதான். புலாவ் உபின் தீவில் 2008ஆம் ஆண்டு கெத்தாம் சைக்கிள் பூங்கா திறக்கப்பட்டது. பிறகு செஸ்நட் இயற்கைப் பூங்காவின் தென்பகுதியை 2015இலும் வடபகுதியை 2017இலும் திறந்தார்கள். 81 ஹெக்டர் கொண்ட அந்தப் பூங்கா நீர்ப்பிடிப்புக் காட்டை ஒட்டி இருக்கிறது. இந்நாட்டுக் காடுகளில் மலைப்பாம்பு உண்டு. விஷத்தைத் துப்பும் நாகம் உண்டு. கிளையில் அசையாமல் கிடக்கும் விரியனும் உண்டு.

சென்ற ரமலானுக்கு முன் நமது கடைக்குச் சாமான் வாங்க வந்த இரண்டு வாலிபர்கள் இதைப் பற்றித்தான் வாதம் செய்தார்கள். பாதையின் குறுக்கே ஒரு மலைப்பாம்பு கிடந்ததாம். ஒருவர் வண்டியை நிறுத்தி, அது நகர்ந்து போகும் வரையில் கால் மணி நேரம் நின்றிருக்கிறார். மற்றவருக்குப் பொறுக்கவில்லை. "பாதையைச் சைக்கிளுக்குப் போட்டார்களா, பாம்புக்குப் போட்டார்களா? ஒரு கட்டையை எடுத்துப் போட்டிருந்தால் காரியம் முடிந்திருக்கும். நீங்களே சொல்லுங்கள் மாமா" என்றார். கல்லாவில் உட்கார்ந்துகொண்டு தீர்ப்புச் சொல்வது சுலபம். அன்று வாடிக்கையாளர் கூட்டம் இருந்ததால் நாம் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் கேள்வி சாமானியமானதல்ல. ஆகவே இங்கே எழுதுகிறோம்.

அரசாங்கச் சட்டம் தெளிவாக இருக்கிறது. 1965ஆம் ஆண்டின் காட்டு விலங்குகள், பறவைகள் சட்டத்தை 2020இல் திருத்தி, வனவிலங்குச் சட்டம் என்று பெயர் மாற்றினார்கள். அனுமதியின்றிக் காட்டுப் பிராணியைக் கொல்வது குற்றம். ஆனால் அந்த வாலிபர் கேட்டது சட்டத்தை அல்ல. யாரும் பார்க்காத வளைவில் மனிதனும் பாம்பும் எதிர்ப்பட்டால் வழிவிட வேண்டியவர் யார் என்பதே அவருடைய கேள்வி.

நாம் வியாபாரிகள். கொடுக்கல் வாங்கலில் ஒரு விதியை மதரஸாவில் ஓதிய நாளிலிருந்தே அறிவோம். லாபம் யாருக்கோ நஷ்டத்தின் பொறுப்பும் அவருக்கே. லாபத்தைத் தான் எடுத்துக்கொண்டு நஷ்டத்தைப் பங்காளியின் தலையில் கட்டுகிறவனோடு நம்மில் யாராவது கூட்டுச் சேருவோமா? காட்டுப் பாதையில் சைக்கிள் ஓட்டுவதன் லாபம் என்ன? காற்று, குளிர்ச்சி, உடம்புக்கு வலிமை, மனசுக்குச் சந்தோஷம். இவ்வளவும் ஓட்டுகிறவருக்கு. பாம்புக்கு இதில் ஒரு காசு பங்கு கிடையாது. அப்படியிருக்க, அந்தச் சந்தோஷத்தில் உள்ள அபாயத்துக்கு விலையாகத் தன் உயிரை அது ஏன் கொடுக்க வேண்டும்?

பயத்தை நாம் பரிகாசம் செய்யவில்லை. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தவர்கள் சுமார் 12 லட்சம் பேர் என்று 2020இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது. பெரும்பாலோர் கிராமத்து ஏழைகள். வெறுங்காலோடு வயலில் இறங்கியவர்கள், தரையில் பாய் விரித்துப் படுத்தவர்கள். மலாயாவின் ரப்பர்த் தோட்டங்களில் விடியுமுன் விளக்கோடு மரம் சீவப் போனவர்களும் இதே அச்சத்தில்தான் போனார்கள். அவர்கள் கையில் கம்பு இருந்ததென்றால் அது பிழைப்புக்காக. போகாவிட்டால் அன்றைய கூலி இல்லை. நம் பெரியவர்கள் அந்தப் பயத்தையும் ஊரிலிருந்து பெட்டியோடு கொண்டுவந்தார்கள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை பொழுதுபோக்குக்காகப் போகிறவர் அந்த ஏழைகளின் நிர்ப்பந்தத்தைத் தம்முடையது என்று சொல்லலாமா? இன்னொருவர் பெயரில் உள்ள ரசீதைக் காட்டிப் பணம் கேட்பது போன்ற வேலை அது.

மார்க்கத்தில் பாம்பைக் கொல்ல அனுமதி இல்லையா என்று கேட்பார்கள். உண்டு. அதன் விவரங்களை ஆலிம்கள்தான் சொல்ல வேண்டும். நாம் அதில் நுழையவில்லை. ஆனால் மதீனாவில் வீட்டுக்குள் காணப்படும் பாம்பை உடனே கொல்லாமல், எச்சரித்து மூன்று நாள் தவணை கொடுக்கும்படி நபி (ஸல்) அவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. நம் வீட்டுக்குள் வந்ததற்கே தவணை உண்டென்றால், அதன் வீட்டுக்குள் நாம் போய் நிற்கும்போது கால் மணி நேரம் பெரிதா?

இன்னொன்றும் உண்டு. பாம்புக்கு வெளிக்காது இல்லை. தரையின் அதிர்வைத் தாடை எலும்பின் வழியாக உணர்கிறது. நடந்து வருகிறவரின் காலடி அதற்கு முன்னறிவிப்பு. ரப்பர் டயரோ மெத்தென்று உருண்டு வந்துவிடுகிறது. உடம்பில் தானாகச் சூடு உண்டாகாத பிராணியாகையால், வெயில் விழும் திறந்த பாதையில் அது வந்து கிடக்கிறது. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகத்தில் போகிற சைக்கிள் ஒரு விநாடியில் ஐந்தரை மீட்டர் கடக்கும். வளைவில் பத்து மீட்டர்தான் கண்ணுக்குத் தெரியுமென்றால், இரண்டு விநாடிகூட இல்லை. இந்தக் கணக்கு மனிதனுக்குத் தெரியும், பாம்புக்குத் தெரியாது. தெரிந்தவன் மேல்தான் பொறுப்பு விழும். ஆகவே முன்னே என்ன கிடக்கிறதென்று தெரியாத வளைவில் வேகத்தைக் குறைப்பது ஓட்டுகிறவரின் கடமை.

பின்னால் ஒரு சிறுவன் சைக்கிளில் வருகிறான், கிடப்பதோ நாகம், அப்போதும் விட்டுவிடுவதா என்று அந்த வாலிபர் கேட்டிருந்தால், அது நியாயமான கேள்வி. அதற்குப் பதில், சில மீட்டர் தள்ளி நின்று, வருகிறவர்களைக் கைகாட்டி நிறுத்துவது. நேரம் செலவாகும்தான். அந்தச் செலவும் சந்தோஷத்தை எடுத்துக்கொண்டவரின் கணக்கிலேயே எழுதப்பட வேண்டியது. கட்டையை எடுத்துக்கொண்டு கிட்டப் போகிறவரைத்தான் பாம்பு கடிக்க அதிகம் இடமுண்டு என்பதையும் மறக்கலாகாது.

எவ்வளவு கவனமாக இருந்தும் கடித்துவிட்டால், ஊர் வழக்கப்படி அந்த இடத்தைக் கீறுவதும், வாயால் உறிஞ்சுவதும், கயிற்றால் இறுக்கிக் கட்டுவதும் கூடாது. அவற்றால் கெடுதலே அதிகம். மோதிரம், கைக்கடிகாரம் இருந்தால் வீக்கம் வருமுன் கழற்றிவிட வேண்டும். கடிபட்ட அங்கத்தை அசைக்காமல் உட்கார்ந்து 995க்குப் பேச வேண்டும். எந்தப் பாதையில், எந்த இடத்தில் இருக்கிறோம் என்று சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஆகவே நம் பிள்ளைகள் தனியாகப் போகாமல் இரண்டு மூன்று பேராகவே போகட்டும். கைப்பேசியில் சார்ஜ் இருக்கிறதா என்று வீட்டு வாசலிலேயே பார்த்துக்கொள்ளட்டும்.