நுகமும் ஒற்றுமையும்

ஓர் இராச்சியம் இரண்டாகப் பிளவுபடும்போது, பிரிந்து சென்றவர்களையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவது வரலாறு எழுதுவோரின் நெடுங்கால வழக்கமாகும். பிரிந்தவன் துரோகி, பிரியாதிருந்தவன் ஒற்றுமையின் காவலன். இத்தீர்ப்பு எளிமையானது, ஆளுவோருக்கு வசதியானதுங்கூட. ஆனால், மக்களைப் பிரிவை நோக்கித் தள்ளியது எது என்ற வினாவை அது எழுப்புவதேயில்லை. ஒற்றுமை என்பது தன்னளவிலேயே ஓர் அறமா? அன்றி, நீதியின்மீது நிற்கும்போது மட்டுமே அது அறமாகுமா? சாலொமோன் மன்னனின் மரணத்தின் பின்னர் பண்டைய இஸ்ரவேல் இராச்சியம் உடைந்த கதையை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வது பயனுடையதென நாம் கருதுகிறோம்.

சாலொமோன் ஏறத்தாழ கி. மு. 930 அளவில் இறந்தான். அவன் மகன் ரெகொபெயாம் முடிசூட வேண்டி வடபுலத்து நகராகிய சீகேமுக்குச் சென்றான். அங்கே கூடிய வடபுலக் கோத்திரத்தார், தந்தை சுமத்திய நுகத்தை மகன் இலகுவாக்கினால் அவனுக்குப் பணிந்திருப்பதாகக் கூறினர். மூன்று நாள் தவணை கேட்ட மன்னன், முதியோரின் ஆலோசனையைத் தள்ளினான். தன்னுடன் வளர்ந்த தோழரின் சொல்லைக் கொண்டான். நுகத்தை இன்னும் பாரமாக்குவேன் என்று மறுமொழி கூறினான். மக்கள் தாவீதின் வீட்டைக் கைவிட்டுத் தத்தம் இருப்பிடங்களுக்குத் திரும்பினர். கட்டாய வேலைக்குப் பொறுப்பான அதிகாரி அதோராமை மன்னன் அவர்களிடம் அனுப்பினான். அவர்கள் அவனைக் கல்லெறிந்து கொன்றனர். மன்னன் தேரேறி எருசலேமுக்கு ஓடினான். வடக்கே யெரொபெயாம் அரசனானான்; தெற்கே யூதா மட்டும் ரெகொபெயாமிடம் எஞ்சியது. இது முதலாம் இராசாக்கள் நூல் தரும் செய்தியாகும்.

இப்பிளவுக்கு இரண்டு காரணங்கள் பிரசங்க மேடைகளிலே வழக்கமாகக் கூறப்படுவதுண்டு. ஒன்று, சாலொமோன் அந்நிய மனைவியரின் தெய்வங்களை வணங்கியதால் வந்த தண்டனை என்பது. சீலோ ஊர்த் தீர்க்கதரிசி அகியா, புதிய சால்வையொன்றைப் பன்னிரண்டாகக் கிழித்துப் பத்துத் துண்டுகளை யெரொபெயாமிடம் கொடுத்த நிகழ்ச்சி இதற்குச் சான்றாக்கப்படுகிறது. மற்றையது, ரெகொபெயாமின் அகந்தை என்பது. முன்னையது வானத்தை நோக்குகிறது. பின்னையது ஒரு மனிதனின் நாவை நோக்குகிறது. இரண்டும் மக்களின் முதுகை நோக்குவதில்லை.

சீகேமிலே கூடியவர்கள் கேட்டதென்ன? தெய்வங்களைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் கூறவில்லை. அரசனின் பேச்சு நாகரிகத்தையும் அவர்கள் விவாதிக்கவில்லை. அவர்கள் பேசியது பாரத்தைப் பற்றியே. அந்தப் பாரம் எத்தகையது என்பதையும் அதே நூல் கூறுகிறது. 30,000 பேர் அமஞ்சி ஆட்களாகப் பிடிக்கப்பட்டனர். மாதத்துக்கு 10,000 பேராக மரம் வெட்ட லீபனோனுக்கு அனுப்பப்பட்டனர். சுமை சுமப்போர் 70,000. மலையிலே கல் வெட்டுவோர் 80,000. ஆலயம் கட்ட ஏழாண்டுகள். அரசனின் மாளிகை கட்டப் பதின்மூன்று ஆண்டுகள். நாடு பன்னிரண்டு பகுதிகளாக வகுக்கப்பட்டு, ஒவ்வொன்றும் ஆண்டில் ஒரு மாதம் அரண்மனைக்கு உணவளிக்க வேண்டியிருந்தது. அரண்மனையின் ஒருநாள் தேவையில் 30 மாடுகளும் 100 ஆடுகளும் அடங்கின. கலிலேயாவின் இருபது ஊர்கள் தீரு நாட்டரசன் ஈராமுக்குக் கொடுக்கப்பட்டன. அவ்வூர்களில் வாழ்ந்தவர்களை எவரும் கேட்டதாக நூல் கூறவில்லை.

இவ்வெண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. நூல் இன்றைய வடிவம் பெற்றது நிகழ்ச்சிகளுக்குப் பல நூற்றாண்டுகளின் பின்னராகும். பத்தாம் நூற்றாண்டு எருசலேம் சிறியதோர் ஊரே என்று இஸ்ரேல் பிங்கெல்ஸ்டைன் போன்ற அகழ்வாய்வாளர் வாதிடுகின்றனர். வேறு அறிஞர் அதனை மறுக்கின்றனர். 1993 இல் தெல் தாணில் கண்டெடுக்கப்பட்ட கல்வெட்டு, கி. மு. ஒன்பதாம் நூற்றாண்டில் தாவீதின் வீடு என்ற பெயர் வழங்கியதை உணர்த்துகிறது. எண்கள் பெருக்கப்பட்டிருக்கலாம். ஆயினும், ஆலயத்தைப் போற்றிய எழுத்தாளரே அதைக் கட்டியவர்களின் முறைப்பாட்டை மறைக்க முடியாமற் போனது சிந்திக்கத்தக்கது. இஸ்ரவேலர் எவரையும் சாலொமோன் அடிமையாக்கவில்லை என்று ஓரிடத்தில் அந்நூல் சொல்கிறது. ஆனால் இஸ்ரவேலர் அனைவரிடத்திலுமிருந்து ஆட்கள் பிடிக்கப்பட்டனர் என்றும் அதுவே சொல்கிறது. அரண்மனையின் புகழும் வயல்வெளியின் நினைவும் ஒரே ஏட்டில் மோதுகின்றன.

மக்கள் கொன்றது யாரை என்பதையும் நாம் கவனித்தல் வேண்டும். அவர்கள் ஆசாரியனைக் கொல்லவில்லை, படைத்தலைவனைக் கொல்லவில்லை. கட்டாய வேலையின் அதிகாரியையே கொன்றனர். தாவீதின் காலத்திலும் சாலொமோனின் காலத்திலும் அதே பதவியோடு சேர்த்து வழங்கும் பெயர் அவனுடையது. அரசர் மாறினர், அமஞ்சி மாறவில்லை. அந்தக் கொலையை நாம் நியாயப்படுத்தவில்லை. அது பேசும் மொழியை மட்டுமே விளங்கிக்கொள்ள முயல்கிறோம்.

இனி, அந்த ஒற்றுமைதான் எத்தகையது? தாவீது முதலில் எப்ரோனிலிருந்து ஏழரை ஆண்டுகள் யூதாவை மட்டுமே ஆண்டான். பின்னரே வடபுல மூப்பர் அவனிடம் வந்து உடன்படிக்கை செய்து அவனை அரசனாக்கினர். யூதாவும் இஸ்ரவேலும் ஒரே மன்னனால் இணைக்கப்பட்ட இரு வேறு அரசுகள் என்று ஜெர்மானிய அறிஞர் அல்பிரெக்ட் ஆல்ட் விளக்கினார். ரெகொபெயாம் சீகேமுக்குச் சென்றதே இதற்குச் சான்று. வடபுலத்தாரின் சம்மதம் தேவையற்றதாயின், அவன் எருசலேமை விட்டு நகர்ந்திருக்க வேண்டியதில்லையே! சம்மதத்தால் பிறந்த உறவு, சம்மதத்தாலேயே வாழ வேண்டும். அதைப் பிறப்புரிமையெனக் கொண்டவனே அதை முதலில் முறித்தவன். ஆகவே, சீகேமில் உடன்படிக்கையை மீறியவர்கள் மக்களல்லர், மன்னனே.

இவ்விடத்தில் ஓர் எதிர்ப்பு எழக்கூடும். இவையாவும் கடவுளால் நேர்ந்தன என்று அந்நூலே கூறுகிறதே. விதித்ததற்கு மனிதன் எவ்வாறு பொறுப்பாவான் என்று சிலர் வினவலாம். ஆனால், நூலாசிரியர் விதியைக் கூறிவிட்டு நிறுத்தவில்லை. மூன்று நாள் அவகாசத்தையும், இரு வேறு ஆலோசனைகளையும் விரிவாகக் காட்டுகிறார். தெரிவு செய்ய இடமில்லாதவனுக்கு ஆலோசனை எதற்கு? நாற்பத்தொரு வயதில் அரசேறிய அவனுடைய தோழரைக் குறிக்க எபிரேய மூலம் சிறுவர் என்று பொருள்படும் சொல்லையே பயன்படுத்துகிறது. அரண்மனையிலே வளர்ந்து, கல் சுமந்த தோளை ஒருநாளும் காணாதவர் எத்தனை வயதிலும் சிறுவரே என்று நாம் அதற்குப் பொருள் கொள்ளலாம். விதியைக் காரணங்காட்டுவது, செய்தவனை மறைக்கும் திரையாக இருத்தலாகாது.

அவ்வாறாயின், பிரிந்தமையால் மக்கள் விடுதலை பெற்றனரா? இவ்வினாவுக்கு நேர்மையாக விடையளிக்க வேண்டும். யெரொபெயாம் முன்பு சாலொமோனின் கீழ் யோசேப்பு வீட்டாரின் கட்டாய வேலைக்குத் தலைவனாக நியமிக்கப்பட்டவன். அரசனானதும், மக்கள் எருசலேமுக்குச் சென்றால் மனம் மாறுவர் என அஞ்சிப் பெத்தேலிலும் தாணிலும் பொற்கன்றுகளை நிறுவினான். பின்வந்த ஆகாபின் காலத்தில், மூதாதையர் நிலத்தை விற்க மறுத்த நாபோத் பொய்ச் சாட்சியால் கொல்லப்பட்டான். அவனது திராட்சைத் தோட்டம் அரசனுக்குச் சென்றது. கி. மு. எட்டாம் நூற்றாண்டில் ஆமோஸ் என்னும் ஆட்டிடையன் தெற்கிலிருந்து வந்து, ஒரு சோடிப் பாதரட்சைக்காக ஏழையை விற்கும் செல்வர்களை வடக்கிலே கண்டித்தான். எல்லை மாறியது, நுகம் கைமாறியது. சீகேமில் மக்கள் கேட்டது புதிய மன்னனையல்ல, இலகுவான நுகத்தையே. அவர்களுக்குக் கிடைத்ததோ புதிய மன்னன்.

தெற்கின் கதையும் வேறன்று. ரெகொபெயாமின் ஐந்தாம் ஆண்டில் எகிப்து மன்னன் சீஷாக் படையெடுத்து வந்து, சாலொமோன் செய்த பொற்பரிசைகளையும் வாரிச் சென்றான். அவற்றுக்குப் பதிலாக வெண்கலப் பரிசைகள் செய்யப்பட்டன. மன்னன் ஆலயத்துக்குச் செல்லுந்தோறும் காவலர் அவற்றைப் பிடித்து நடந்தனர். மக்களின் மனத்தை இழந்தவன், பொன் போனபின்னரும் ஊர்வலத்தை விடவில்லை.

வடக்கு கி. மு. 722 அளவில் அசீரியரிடமும், தெற்கு கி. மு. 586 அளவில் பாபிலோனியரிடமும் வீழ்ந்தன. ஒன்றுபட்டிருந்தால் தப்பியிருப்பர் என்று கூறுவோர் அந்த அறிவுரையைச் சீகேமிலே நுகத்தை இறக்க மறுத்தவனுக்கே முதலிற் கூறுதல் வேண்டும்.

நாம் பெறும் முடிவு இரண்டு பகுதிகளையுடையது. நீதியின்றி ஒற்றுமையைக் கோருவோர், சுமப்பவனிடம் பொறுமையையும் சுமத்துபவனிடம் மௌனத்தையும் கேட்கின்றனர். அவ்வொற்றுமைக்கு அறத்தின் பெயர் பொருந்தாது. அதே வேளை, பிரிவு மட்டுமே நீதியாகிவிடாது. நுகத்தைச் செய்யும் பட்டறை எஞ்சியிருக்கும்வரை, அதைப் பூட்ட ஒரு கை வந்தே தீரும். எனவே, ஒற்றுமையைப் பேசுபவரிடமும் பிரிவினையைப் பேசுபவரிடமும் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்றே: நாளை காலை கல் சுமக்கப் போவது யார்?