தன் துயரும் பிறர் வழக்கும்

துயருற்ற ஒருவருக்குத் தம் துயரை எடுத்துரைக்கும் உரிமை உண்டென்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயின், அத்துயர் பிறருக்காகப் பேசும் தகுதியையும் அவருக்கு அளிக்கின்றதா என்பது எளிதில் விடை காணக்கூடிய வினாவன்று. போர் நெடுங்காலம் நிலைத்த நாட்டில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதுமில்லை. கணவனின் பெயராலேயே அறியப்பட்ட பெண், அவன் இல்லாத நிலையில் அலுவலகத்தின் முன்னும் மன்றின் முன்னும் தனித்து நிற்க நேர்கின்றது. மட்டக்களப்புப் பிரதேசத்துக்கு இது புதிய செய்தியன்று. வைகாசித் திங்களில் இங்குள்ள கண்ணகியம்மன் கோயில்களிற் பாடப்பெறும் நூல் ‘கண்ணகி வழக்குரை’ என்றே பெயர் பெற்றுள்ளது. மனைவியாயிருந்தவள் வழக்குரைப்பவளாகியமையே இம்மக்கள் போற்றும் தெய்வத்தின் வரலாறு.

இப்பிரதேசத்தின் வாழ்வுமுறையும் இவ்விடத்து நோக்கற்பாலது. வாவியை அண்டிய ஏறாவூரில் முஸ்லிம்களும், அதனைச் சூழ்ந்த ஊர்களில் தமிழரும் வாழ்கின்றனர். சமயத்தால் வேறுபட்ட இவ்விரு சமூகத்தாரும் தாய்வழி வரும் குடிமுறையையும், மணமகன் மணமகளின் வீடு சென்று வாழும் வழக்கத்தையும் பொதுவாகக் கொண்டவர்கள். வீடு பெண்ணுக்கெனவே கட்டப்படுகின்றது, அவளுக்கே கொடுக்கப்படுகின்றது. எனினும், அரச படிவங்களில் ‘குடும்பத் தலைவர்’ என்னும் இடத்தில் ஆணின் பெயரே பெரும்பாலும் எழுதப்பட்டது. 2004ஆம் ஆண்டுச் சுனாமியின் பின்னர் கிழக்குக் கரையோரத்தில் புதிய வீடுகள் வழங்கப்பட்டபோது, தம் பெயரில் வீடு வைத்திருந்த பெண்களிற் பலர் தம் கணவரின் பெயரில் உறுதி எழுதப்படுவதைக் கண்டனர். ஊர்வழக்கில் உடைமையாளராயிருந்தவர் படிவத்திற் சார்ந்திருப்பவராயினார்.

ஆகவே, சார்பு இருவகைப்படும் எனலாம். ஒன்று வாழ்க்கையின் இயல்பான சார்பு. நோயிலும் முதுமையிலும் ஒருவர் மற்றவரைத் தாங்குகின்றார். இதில் இழிவு யாதுமில்லை. மற்றையது சட்டம் கற்பித்த சார்பு. யார் யாரைத் தாங்குகின்றார் என்று கேளாமலே, பெண்ணாகப் பிறந்தமையால் அவள் சார்ந்திருப்பவள் என இது முன்கூட்டியே முடிவுசெய்து விடுகின்றது.

இவ்வேறுபாட்டைத் தம் வாழ்விலேயே கண்டவர் அமெரிக்கச் சட்ட அறிஞர் ரூத் பேடர் கின்ஸ்பர்க் (1933–2020). 1954இல் மணம் முடித்த அவர், இராணுவ சேவைக்கு அழைக்கப்பட்ட கணவர் மாட்டினுடன் ஒக்லகோமா மாநிலத்திலுள்ள போர்ட் சில் முகாமுக்குச் சென்றார். அங்கே சமூகப் பாதுகாப்பு அலுவலகம் ஒன்றிற் பணிசெய்தபோது, கருவுற்றிருப்பதை அறிவித்தமைக்காகப் பதவி குறைக்கப்பட்டார். 1956இல் ஹாவர்ட் சட்டக் கல்லூரியில் ஏறத்தாழ 500 மாணவரிடையே ஒன்பது பெண்களுள் ஒருவராகச் சேர்ந்தார். அங்கு கற்றுக்கொண்டிருந்த கணவரைப் புற்றுநோய் பீடித்தது. கைக்குழந்தையைப் பேணிக்கொண்டு, தம் பாடங்களோடு கணவரின் பாடக் குறிப்புகளையும் திரட்டி, அவருடைய கட்டுரையைத் தட்டச்சும் செய்தார். அவ்வேளை சார்ந்திருந்தவர் யார், தாங்கி நின்றவர் யார்? சட்டத்தின் கண்ணுக்கு மட்டுமே இதன் விடை புலப்படவில்லை.

1959இல் கொலம்பியாவில் முதன்மைச் சித்தி பெற்றும் நியூயோர்க்கின் சட்ட நிறுவனங்கள் அவரை ஏற்கவில்லை. பின்னர் சட்ட விரிவுரையாளராகிய அவர், 1973இல் உயர் நீதிமன்றின் முன் முதன்முறையாக வாதிட்டார். அவ்வழக்கின் பொருள் மனங்கொள்ளத்தக்கது. விமானப்படை அதிகாரியான ஷரன் புரொன்டியரோ தம் கணவருக்கு வீட்டுப்படியும் மருத்துவ வசதியும் கோரினார். படையினன் ஒருவனின் மனைவி சான்று எதுவுமின்றியே சார்ந்திருப்பவளாகக் கொள்ளப்பட்டாள். பெண் அதிகாரியின் கணவரோ, தம் செலவிற் பாதிக்கு மேல் மனைவியாலேயே பெறப்படுகின்றது என நிறுவ வேண்டியிருந்தது. நீதியரசர் எண்மர் புரொன்டியரோவுக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தனர், ஒருவர் மாறுபட்டார். 1975இல், மகப்பேற்றில் மனைவியை இழந்து குழந்தையுடன் தனித்துநின்ற ஸ்டீபன் வைசன்பெல்ட் என்பவருக்காகவும் அவர் வாதிட்டு வென்றார். விதவைத் தாய்க்கு வழங்கப்பட்ட உதவி அத்தந்தைக்கும் கிடைத்தது. 1993இல் அவர் அதே நீதிமன்றின் நீதியரசரானார்.

இங்கு நாம் காணவேண்டியது யாதெனில், பதவி குறைக்கப்பட்ட தம் கதையை அவர் மன்றின் முன் வைக்கவில்லை என்பதே. தம்மை வருத்திய விதி எவ்வெவரை வருத்துகின்றது என ஆராய்ந்தார். ஆடவனையும் அது வருத்துவதைக் கண்டபோது அவனுக்காகவும் பேசினார். துயர் அவருக்குக் கண்ணைத் திறந்தது. தகுதியை அளித்தவையோ கல்வியும், தமக்கு அப்பாற்பட்டவரின் வழக்கை ஏற்கும் துணிவுமே.

துயர் எப்போதும் பார்வையை விரிப்பதில்லை என்பர் சிலர். அது உண்மையே. 1990 ஆகஸ்ட் 11ஆந் திகதி இரவு ஏறாவூரில் நூற்றுக்கு மேற்பட்ட முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளாற் கொல்லப்பட்டனர். அடுத்த மாதம் 5ஆந் திகதி, சில மைல் தொலைவிலுள்ள வந்தாறுமூலைப் பல்கலைக்கழக வளாகத்திற் புகலடைந்திருந்த தமிழர் 158 பேரை இராணுவத்தினர் கொண்டுசென்றனர், அவர்கள் மீளவில்லை. ஒரே வாவிக்கரையில் இரு சாராரும் விதவைகளாயினர். தன் பக்கத்து இழப்பை மட்டும் எண்ணுவோருக்கு மற்றப் பக்கத்து அழுகை கேளாது போகும். எனினும், இந்நாட்டிலேயே வேறொரு வழியைக் காட்டியவரும் உளர். கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாசவின் மகன் படை அதிகாரி. 1998இல் கிளிநொச்சிப் போரிற் காணாமற்போனார். காணாமற்போன படையினரின் பெற்றோரை ஒன்றுதிரட்டிய அத்தாய், வன்னிக்குச் சென்று புலிகளுடன் பேசியதோடு, எதிர்த்தரப்புத் தாய்மாரையும் ஒரே அமைப்பினுள் இணைத்தார். அவர் சட்டத்தரணியல்லர், எனினும் பிறர் வழக்கைத் தம் வழக்காகக் கொண்டவர்.

சமூகத் தலைமையின் அளவுகோல் இதுவேயாகும். ஏறாவூரின் விதவை வந்தாறுமூலையின் விதவைக்காகவும், இவள் அவளுக்காகவும் வாய்திறக்கும்போதே துயர் நீதியாக மாறுகின்றது. அத்தகைய பெண்ணுக்குச் சட்டக் கல்வியின் வாயிலைத் திறந்துவைத்தல் கற்றோரின் கடமை. மட்டக்களப்பு மக்கள் வழக்குரையைப் பாடிய பின் சடங்கை முடித்துவிடுவதில்லை. திருக்குளிர்த்தி நிகழ்த்தி அம்மனின் சினத்தை ஆற்றுகின்றனர். மதுரையை எரித்த தீயுடன் நீதி நிறைவடைந்துவிடவில்லை என்பதை அவர்கள் உணர்ந்திருந்தனர் போலும்.