இன்மையை அறியும் வழி

ஒன்று இல்லை என்பதை அறிவு எவ்வாறு அறிகிறது என்னும் வினாவுக்கு, குமாரிலபட்டரின் மீமாம்சை மரபு அனுபலப்தி, அதாவது காணப்படாமை, என்னும் தனி அளவையை விடையாக வகுத்தது. எனினும், இருந்திருந்தால் புலப்பட்டிருக்க வேண்டிய பொருள் புலப்படாதபோதே அதன் இன்மை உறுதியாகும் என்பது அதன் நிபந்தனை.

வீட்டு வைஃபையில் பாக்கெட் இழப்பை, அதாவது தரவுத் துணுக்குகள் வழியில் தொலைவதை, ஆராய்வோருக்கும் இந்நிபந்தனை இன்றியமையாதது. 1983இல் மைக் மூஸ் எழுதிய பிங் நிரல் வரிசை எண்ணிட்ட துணுக்குகளை அனுப்பி மறுமொழிக்குக் காத்திருக்க, 41க்கும் 43க்கும் வந்த விடை 42க்கு வராதபோது இழப்பு வெளிப்படுகிறது. ஆனால் இடைவழி ரவுட்டர் ஒன்று, பிறர் துணுக்குகளைப் பழுதின்றிக் கடத்திக்கொண்டே, பிங்குக்கு மட்டும் விடையளிக்காதிருக்கலாம் என்பதால், அதன் மௌனம் இழப்புக்குச் சான்றாகாது. விடையளிக்கும் இயல்புடைய வீட்டு ரவுட்டருக்கே முதலில் வைஃபை வழியாகவும் பின்னர் கேபிள் வழியாகவும் பிங் அனுப்பி, கேபிளில் இழப்பு மறைந்தால், பழுது வானலை வழியிலேயே உள்ளதெனத் துணியலாம்.

நியாய மரபுத் தத்துவஞானி உதயணர் தம் நியாயகுசுமாஞ்சலி நூலில், புலனுக்கு எட்டும் இயல்பற்ற இறைவன் காணப்படாமை இன்மைக்குச் சான்றாகாது என வாதிட்டதும் இந்நிபந்தனையைக் கொண்டே. அவ்வாதம் இறையுண்மையை நிறுவிவிடாது, ஆயினும் மறுப்பவர் காட்ட வேண்டிய சான்றின் தரத்தை அது உயர்த்துகிறது.