பதினைந்து வருடச் சம்மதம்

சூசன் காலின்ஸின் ‘ஹங்கர் கேம்ஸ்’ வரிசையின் முதல் மூன்று நாவல்களில் கடைசியான ‘மாக்கிங்ஜே’ (2010) என்னை ஏமாற்றியது. சர்வாதிகாரத்தை எதிர்த்து நின்ற காட்னிஸ், பிள்ளையே வேண்டாம் என்றிருந்தவள், முடிவில் இரண்டு குழந்தைகளுக்குத் தாய். துணைவன் பீட்டா ஆசைப்பட்டான். அவள் இணங்கப் பதினைந்து வருடம். அத்தனை வருடத்தையும் ஒரு வாக்கியத்தில் தாண்டிவிடுகிறார் ஆசிரியர்.

கள்ளக்குறிச்சியில் என் வகுப்பில் இதைச் சொல்லிப் பொருமினேன். உதயகுமாரனை மறுத்துத் துறவு பூண்ட மணிமேகலையை எதிரே நிறுத்தினேன். கல்வராயன் மலையிலிருந்து வரும் மாணவி கேட்டாள்: “துறவுக்கும் போகாம, வீட்லயே இருந்து வேணாம்னு சொன்னவ எந்தக் கதையில மேடம் இருக்கா?”

எனக்கு வாய் வரவில்லை. காட்னிஸைக் கோபித்துக்கொண்ட நானும், வீட்டார் கேட்டுக் கேட்டு அலுத்தபின் இரண்டாவது பிள்ளைக்குத் தலையாட்டியவள்தான். மகன்மேல் உயிரையே வைத்திருக்கிறேன். அதற்காக அந்தத் தலையாட்டலைச் சம்மதம் என்று எழுத இன்றும் கை வரவில்லை.