எஞ்சினோரை எண்ணுவார் யார்?

தீமை பெருகி மக்களெல்லாரும் நெறி தவறிய காலத்தும், தம்மை மறவாத ஒரு சிறு தொகையினரையேனும் கடவுள் அழியாது காத்துக்கொள்வார் என்பது கிறித்தவ வேதத்திற் பலவிடத்தும் வருங் கொள்கை. இஃது அடியார்க்கு ஆறுதலளிப்பதென்பதில் ஐயமில்லை. ஆயினும், அச்சிறு தொகையினர் யாமே என ஒருவர் தம்மைத் தாமே கருதிக்கொள்ளல் தகுமோ? அவ்வேதத்தையே கொண்டு இதனை ஆராய்வாம்.

கி. மு. 9ஆம் நூற்றாண்டிலே இசிரவேலை ஆண்டவன் ஆகாப். அவன் மனைவி யேசபேல் பாகால் வழிபாட்டைப் பரப்பித் தீர்க்கதரிசிகளைக் கொல்வித்தாள். எலியா என்னுந் தீர்க்கதரிசி அவளுக்கஞ்சி ஓடி, வனாந்தரத்திலே ஒரு சூரைச்செடியின் கீழிருந்து சாவை வேண்டினார். பின்பு நாற்பது நாள் நடந்து ஓரேப் மலையின் குகையொன்றை அடைந்தார். அங்கே, தாம் ஒருவரே எஞ்சியதாகவும், தம் உயிரையும் வாங்கத் தேடுவதாகவும், ஒருகாலன்று இருகால் இறைவனிடம் முறையிட்டார். பாகாலுக்கு முழங்கால் மடக்காதார் ஏழாயிரவர் உளர் என்பது அவர் பெற்ற விடை.

ஒன்றென எண்ணிய இடத்து ஏழாயிரம்! இப்பிழை முற்றும் அறியாமையால் வந்ததுமன்று. ஆகாபின் அரண்மனை அதிகாரியாகிய ஒபதியா, நூறு தீர்க்கதரிசிகளை ஐம்பதைம்பது பேராகக் குகையில் ஒளித்து, அப்பமும் நீருங் கொடுத்துக் காத்தவன். அச்செய்தியை எலியாவிடம் தன் வாயாலேயே முன்னர்ச் சொல்லியுமிருந்தான். கேட்ட செவி அதனை மறந்தது. துயரும் தனிமையும் சூழ்ந்த மனம் பிறருடைய உண்மையைக் கணக்கிற் சேர்ப்பதில்லை போலும். யாம் எலியாவைப் பழிக்கின்றேமல்லேம்; அவர் பட்ட பாட்டை நாம் பட்டிருப்பின் இதனினும் பிழையாகவே எண்ணியிருப்போம். ஆயின் ஒன்று நோக்குக: ஒபதியா அக்கொடுங்கோலனது ஊழியத்திலேயே, அவன் அரண்மனையிலேயே இருந்தவன். புறத்தே நின்று பார்ப்பார் அவனை எஞ்சினோருள் வைத்து எண்ணுவாரோ?

பிற்காலத்து நிகழ்ந்ததொன்று இதனை இன்னும் வலியுறுத்தும். கி. மு. 597இல் பாபிலோன் வேந்தன் நேபுகாத்நேச்சார் எருசலேமின் அரசனையும் பிரபுக்களையும் தச்சர் கொல்லரையும் சிறைகொண்டு போனான். நகரிலே தங்கினோர், போனவர் கர்த்தருக்குத் தூரமாயினர், தேசம் நமக்கே உரித்து எனப் பேசினராம். எரேமியாவோ தரிசனத்தில் இரண்டு கூடை அத்திப்பழங்களைக் கண்டார். ஒன்றிலுள்ளவை மிக நல்லன. மற்றதிலுள்ளவை தின்னலாகாதபடி கெட்டன. நல்லன சிறைபோனோர், கெட்டன தங்கினோர். கி. மு. 586இல் நகரும் ஆலயமும் எரிந்தன.

இனி, எஞ்சுதல் என்னுஞ் சொல்லே இழப்பையும் உணர்த்துவது. ஆமோஸ் இதனை மறையாது கூறுவர்: சிங்கத்தின் வாயினின்றும் இடையன் இரண்டு கால்களையேனும் ஒரு காதின் துண்டையேனும் பிடுங்கியெடுத்தல்போலவாம் இசிரவேலர் தப்புவது. இதனை ஆடு பிழைத்ததென்பார் யார்? பலர் அழியச் சிலர் காக்கப்படுதல் நீதியோ என்னும் வினா இங்கெழுகின்றது. ரோமருக்கு எழுதிய நிருபத்திற் பவுல், அவ்வேழாயிரவரையே எடுத்துக்காட்டி, எஞ்சுதல் கிருபையாலன்றிக் கிரியையாலன்று என்பர். முறிக்கப்பட்ட ஒலிவக் கிளைகள் மீண்டும் ஒட்டப்படவுங் கூடுமாதலின், புதிதாய் ஒட்டப்பட்ட கிளை பெருமை பேசற்க என்றும் எச்சரிப்பர். இதனால் வினா முழுதுந் தீர்ந்ததென எமக்குத் தோன்றவில்லை. தகுதியாலன்றி அருளாலே காக்கப்பட்டனரெனின், அவ்வருள் மற்றையோர்க்கு அப்பொழுதே கிட்டாமை என்னை? பவுலும் கடவுளின் வழிகள் ஆராய்தற்கரியன என வியந்தே அப்பகுதியை முடிக்கின்றார். காக்கப்பட்டோர் செருக்குதற்கு இடமில்லை என்பது மாத்திரம் ஐயமற விளங்கும்.

ஓரேபிலே எலியாவுக்கு எஞ்சினோரின் தொகை சொல்லப்பட்டது. அவ்வேழாயிரவர் இன்னின்னார் எனச் சொல்லப்படவில்லை. சாப்பாத்தின் மகன் எலிசாவைத் தமக்குப் பின் தீர்க்கதரிசியாக அபிஷேகஞ் செய்யுங் கட்டளையோடு அவர் மலையினின்றும் இறங்கினார். எலிசா பன்னிரண்டு ஏர் பூட்டிய வயலிலே, பன்னிரண்டாம் ஏரை ஓட்டி உழுதுகொண்டிருந்தான். எலியா அவ்விடத்தைக் கடந்து போகையில் தம் சால்வையை அவன்மேற் போட்டார்.